இரண்டாம் கியரின் சுகம்

நண்பன் ஒருவன் கார் வாங்கப் போகிறான். போன வாரம் போனில் பிடித்து, "மச்சான், மைலேஜும் வேணும், ஓட்டுறதுக்கும் நல்லா இருக்கணும். ரெண்டும் ஒரே வண்டியில கிடைக்குமாடா?" என்று கேட்டான். ஷோரூமில் அவனை நன்றாகக் குழப்பி அனுப்பியிருக்கிறார்கள். மைலேஜ் வேண்டுமென்றால் ஒரு வரிசை, ஓட்டும் சுகம் வேண்டுமென்றால் வேறொரு வரிசை. இரண்டாவது வரிசையில் நிற்பதெல்லாம் பெரிய இன்ஜின், பெரிய டயர், பெரிய உடம்பு.

"கிடைக்கும்டா. சின்ன வண்டியிலதான் கிடைக்கும்" என்றேன். அவன் நம்பவில்லை. போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அவனிடம் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருடமாக என்னிடம் இருப்பது ஒரு சின்ன ஹாட்ச்பேக். 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர், எடை 900 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு 18, 19 கிலோமீட்டர் தருகிறது. வாங்கும்போது மைலேஜ் ஒன்றுதான் மனதில் இருந்தது. இதற்குள் இன்னொன்றும் இருக்கிறது என்பது ஆறு மாதம் கழித்து ஒரு மலைப்பாதையில்தான் தெரிந்தது.

விடிந்தும் விடியாத நேரம். ரோட்டில் வேறு வண்டி இல்லை. இரவு பெய்த மழை காய்ந்துவிட்டது, மரத்தடியில் மட்டும் ஈரம். மூன்றாம் கியரில் ஏறிக்கொண்டிருந்தேன், ஒரு கொண்டை ஊசி வளைவு வந்தது. ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே பிரேக்கை ஒரு தரம் அழுத்தி எடுத்தேன். கிளட்ச், இரண்டாம் கியர், கிளட்சை விடுவதற்கு முன் ஆக்ஸிலரேட்டரில் ஒரு சின்னத் தட்டு. இன்ஜின் சத்தம் ஏறி வந்து கியரோடு பொருந்திக்கொண்டது, வண்டி துளிகூடக் குலுங்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி கொஞ்சம் சாய்ந்து, பிறகு அந்தச் சாய்விலேயே உட்கார்ந்துவிட்டது. முன் டயர்கள் ரோட்டைக் கடிப்பது உள்ளங்கையில் தெரிந்தது. வளைவு பாதி கடந்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன், அடிவரைக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டிக் குரலெடுத்துக் கத்திக்கொண்டு வண்டியை மேலே இழுத்தது. அடுத்த நேர்ப்பாதையில் ஸ்பீடாமீட்டரைப் பார்த்தேன். 55.

வெறும் 55 கிலோமீட்டர் வேகத்தில் எனக்குள் இவ்வளவு நடந்திருக்கிறது. கண் வளைவின் உள்விளிம்பைத் தேடியது, கை எடையை அளந்தது, காது கியரைச் சொன்னது, இரண்டு கால்களும் மூன்று மிதிகளில் வேலை பார்த்தன. வண்டியிடம் இருந்த மொத்தத் திறனையும் கேட்டு வாங்கினேன். அப்படியும் ஒரு கல்லோ மாடோ குறுக்கே வந்திருந்தால் நின்றுவிடும் வேகம்தான் அது.

பிறகு ஒருநாள் இதே பாதையில் இன்னொரு நண்பனின் பெரிய வண்டியை ஓட்டினேன். இரண்டு டன்னை நெருங்கும் எடை, என் வண்டியைப்போல மூன்று மடங்கு திறன். ஏறும் வழி முழுக்க ஆக்ஸிலரேட்டரைக் கால்வாசிக்கு மேல் மிதிக்கவே முடியவில்லை. மிதித்தால் அடுத்த வளைவு உடனே மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும், அந்த எடையை அதற்குள் நிறுத்தியாக வேண்டும். நல்ல வண்டி, அதில் சந்தேகம் இல்லை. உள்ளே சத்தமே இல்லை, இருக்கை அருமை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதன் சொந்தக்காரனே, "இதுக்கு இந்த ரோடு பத்தாதுடா" என்றான். உண்மைதான். அந்த வண்டிக்குப் போதுமான ரோடு எங்கே இருக்கிறது என்று யோசித்தால், பந்தயத் தடம் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

வேகம் வேறு, ஓட்டும் சுகம் வேறு என்று நான் புரிந்துகொண்டது அந்த இரண்டு பயணங்களுக்கு நடுவில்தான். வேகம் வண்டி கொடுப்பது. சுகம் என்பது வண்டியிடம் நாம் எவ்வளவு கேட்கிறோம், அது எவ்வளவு திருப்பிச் சொல்கிறது என்பதில் இருக்கிறது. சின்ன வண்டியில் இரண்டாம் கியரை, இன்ஜின் சுற்றக்கூடிய உச்ச எல்லையான சிவப்புக் கோடு வரை இழுத்தாலும் 80, 85க்குள்தான் நிற்கும். சட்டத்துக்கு உட்பட்டே இரண்டு கியரை முழுசாக அனுபவிக்கலாம். நாலு நொடியில் நூறைத் தொடும் வண்டியில் அந்த நாலு நொடியோடு விஷயம் முடிந்துபோகிறது.

சரி, இதில் மைலேஜ் எங்கே வருகிறது? இரண்டுக்கும் ஆதாரம் ஒன்றே என்பதுதான் என் வாதம். எடை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 900 கிலோ வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதற்குள் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 220 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் இருக்கிறது. அதில் கால்வாசி சக்கரம் வரை வந்து சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்தை எட்ட 28 மில்லி பெட்ரோல் எரிந்திருக்கும். ஏறத்தாழ இரண்டு மேசைக்கரண்டி. 1,800 கிலோ வண்டிக்கு அதே வேகத்துக்கு நாலு மேசைக்கரண்டி. காற்றையும் டயர் உராய்வையும் நான் இதில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு முறை பிரேக் போட்டு நிறுத்தும்போதும் அந்தக் கரண்டிகள் பிரேக் டிஸ்க்கில் வெறும் சூடாகப் போய்விடுகின்றன. நின்று நின்று போகிற ரோட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை இது நடக்கும்.

இப்போது அதே எடையை வளைவில் வைத்துப் பாருங்கள். வண்டி நேராகப் போக விரும்புகிறது, டயர் அதை வளைக்கிறது. எடை பாதியானால் டயர் தாங்க வேண்டிய விசையும் பாதி. பிரேக்குக்கு வேலை பாதி, ஸ்பிரிங்குக்கு வேலை பாதி. ஸ்பிரிங்கை இறுக்கிக் கட்டாமலே சாய்வை அடக்கலாம், அதனால் மேடு பள்ளத்தில் இடுப்பு ஒடியாமலும் இருக்கும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க எடுத்து எறிந்த ஒவ்வொரு கிலோவும் வளைவில் நமக்கு லாபமாகத் திரும்பி வருகிறது.

இதற்கு மினி என்ற பிரிட்டிஷ் காரைவிட நல்ல சாட்சி கிடையாது. 1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடி வந்து பிரிட்டனில் பெட்ரோல் ரேஷனுக்குப் போனது. பெட்ரோல் குடிக்காத சின்னக் கார் ஒன்று உடனே வேண்டும் என்று பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனார்ட் லார்ட் கேட்க, அலெக் இசிகோனிஸ் வரைந்து கொடுத்த வண்டி 1959 ஆகஸ்டில் வெளிவந்தது. நீளம் மூன்று மீட்டரும் சில சென்டிமீட்டரும்தான். 848 சிசி, 34 குதிரைத்திறன். அதற்குள் நாலு பேர் உட்கார வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க அவர் இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார், கியர்பாக்ஸை இன்ஜினுக்கு அடியில் ஆயில் தொட்டியிலேயே நுழைத்தார், பத்து அங்குலச் சக்கரங்களைத் தேர்ந்தெடுத்து நாலு மூலைக்கும் தள்ளினார். உள்ளே கால் நீட்ட இடம் வேண்டும் என்பதற்காகத்தான் சக்கரம் மூலைக்குப் போனது. அப்படிப் போனதால் வண்டிக்கு முன்னும் பின்னும் தொங்கும் எடை இல்லாமல் போனது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி யோசிக்காமல் திரும்பியது.

பந்தயக் கார் கட்டும் ஜான் கூப்பர் அதை ஓட்டிப் பார்த்ததும் புரிந்துகொண்டார். 1961-இல் 997 சிசி, 55 குதிரைத்திறனோடு மினி கூப்பர் வந்தது. மான்டி கார்லோ ராலியில் 1964-இல் பேடி ஹாப்கிர்க் மினி கூப்பர் எஸ்ஸில் வென்றார். 1965-இலும் 1967-இலும் மறுபடி மினியே. 1966-இலும் முதலில் வந்து, முகப்பு விளக்கு விதிமுறை என்று ஒரு காரணம் சொல்லித் தகுதி நீக்கப்பட்டது. பனி படர்ந்த மலைப்பாதைகள் அவை. பெட்ரோல் பஞ்சத்துக்குப் பிறந்த பிள்ளை, பெரிய இன்ஜின்களோடு மோதி ஜெயித்தது. இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை, ஏனென்றால் அங்கே சுகத்துக்கென்று யாரும் தனியாக எதையும் சேர்க்கவில்லை.

ஜப்பானில் இதையே சட்டம் செய்தது. அங்கே கேய் என்ற சின்னக் கார் வகைக்கு 1990-இல் வந்த விதிப்படி இன்ஜின் 660 சிசிக்கு மேல் போகக் கூடாது, நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.4 மீட்டர் என்பது அப்போதைய எல்லை. திறன் 64 குதிரைத்திறனைத் தாண்டுவதில்லை என்பது நிறுவனங்களே தங்களுக்குள் வைத்துக்கொண்ட எல்லை. இவ்வளவு நெருக்கமான கூண்டுக்குள் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1991-இல் ஹோண்டா பீட் வந்தது. இருக்கைக்குப் பின்னால் இன்ஜின், 656 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ இல்லை, 64 குதிரைத்திறனையும் 8,100 சுற்றில் எடுத்துவிடும். எடை 760 கிலோ. அதே வருடம் சுசுகி கப்புச்சினோ, எடை 700 கிலோ. அடுத்த வருடம் மேலே திறக்கும் கதவுகளோடு ஆட்டோஸாம் ஏஇஸட்-1. 8,000 சுற்றைத் தொடும் இன்ஜினைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு 60 கிலோமீட்டர் வேகத்தில் போவதை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் போகிறவருக்கு ஒரு சின்னக் கார் போகிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பவருக்குப் பந்தயம்.

மைலேஜும் சுகமும் ஒரே உடம்பில் பிறக்கும் என்பதை நேராகவே காட்டிய வண்டி ஹோண்டா சிஆர்எக்ஸ். 1983-இல் வந்தது, எடை 800 கிலோ அளவில். அமெரிக்கச் சந்தையில் அதே கூட்டை இரண்டு விதமாக விற்றார்கள்: எச்எஃப் என்பது மைலேஜுக்கு, எஸ்ஐ என்பது விரட்டி ஓட்டுகிறவர்களுக்கு. கூடு ஒன்றுதான், ஏனென்றால் இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான். காற்றைக் கிழிக்கும் வடிவம், குறைந்த எடை. 1999-இல் வந்த முதல் ஹோண்டா இன்சைட் ஹைப்ரிட் காரும் அந்த வழியில் வந்ததே. அலுமினிய உடல், 1 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின், அதனோடு ஐந்து கியர் கொண்ட மேனுவல். ஹைப்ரிட் என்றால் கையில் கியர் இருக்காது என்று இன்று நாம் பழகிவிட்டோம். இந்த வண்டியில் இருந்தது.

இன்னொரு விஷயத்தை யாரும் பேசுவதில்லை, எனக்கு அது பெரிய விஷயம். அகலம். ஒரு தடத்தின் அகலம் மூன்று மீட்டர் என்று வையுங்கள். இரண்டு மீட்டரை நெருங்கும் வண்டியில் போனால் இரண்டு பக்கமும் அரை மீட்டர்தான் மிச்சம். ரோடு போகிற வழியில் நாமும் போக வேண்டியதுதான். 1.6 மீட்டர் வண்டியில் போனால் தடத்துக்குள்ளேயே 1.4 மீட்டர் நம்முடையது. வளைவுக்கு வெளிப்பக்கமாக நுழைந்து, உள்விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளியே விரியலாம். எதிர்த் தடத்தை ஒரு விரல்கூடத் தொடாமல் நமக்கென்று ஒரு கோடு வரைந்துகொள்ளலாம். அந்தக் கோடு வளைவைத் தட்டையாக்குகிறது, தட்டையானால் பிரேக் குறைகிறது, பிரேக் குறைந்தால் அந்த மேசைக்கரண்டிகள் மிச்சம்.

இங்கேதான் எனக்கு ஓட்டக் கற்றுத்தந்த பெரியவர் நினைவுக்கு வருகிறார். முப்பது வருடம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னை அதட்டியதே இல்லை. ஒவ்வொரு முறை நான் அவசரமாகப் பிரேக் அடிக்கும்போதும், "தம்பி, இப்ப கொஞ்சம் பெட்ரோல ரோட்டுல ஊத்திட்ட" என்று மட்டும் சொல்வார். ஆற்றல், கிலோஜூல் எதுவும் அவர் படித்ததில்லை. "முன்னாடி போற வண்டியப் பாக்காத. அதுக்கும் முன்னாடி போறதப் பாரு. அவன் காலத் தூக்கினா நீயும் தூக்கு" என்பார். சிக்னல் சிவப்பாக இருந்தால் தூரத்திலேயே காலை எடுக்கச் சொல்வார், பச்சை விழும்போது இரண்டாம் கியரில் உருண்டுபோய்ச் சேர வேண்டும், நிற்கக் கூடாது. நின்றால் தோற்றோம் என்பதுபோல அவர் முகம் மாறும்.

மலைப்பாதையில் ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது: பந்தய ஓட்டுநர் செய்வதும் இதையேதான். திறன் குறைந்த வண்டியில் இழந்த வேகத்தைத் திரும்பப் பிடிக்க நேரமாகும், அதனால் வேகத்தை இழக்காமல் வளைவைக் கடக்க வேண்டும். எங்கே காலை எடுப்பது, எவ்வளவு குறைவாகப் பிரேக் பிடிப்பது, எந்தக் கோட்டில் போவது, எந்தக் கியரில் வெளியே வருவது. மைலேஜுக்கு ஓட்டுகிறவரும் சுகத்துக்கு ஓட்டுகிறவரும் கேட்பது இதே நாலு கேள்விகள்தான், கேட்கும் வேகம்தான் வேறு. பெரிய இன்ஜின் இந்தக் கேள்விகளைக் கேட்கவே விடாது. தப்பாக வளைத்தாலும் பரவாயில்லை, மிதித்தால் ஈடுகட்டிவிடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மைலேஜுக்காக இதை இன்னும் நிறையப் பேர் செய்கிறார்கள். இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு உருட்டாதீர்கள். கார்புரேட்டர் காலத்தில் அதில் லாபம் இருந்தது. இன்றைய இன்ஜெக்ஷன் இன்ஜினில், கியரில் இருக்கும்போது காலை முழுதாக எடுத்தால் பெட்ரோல் தெளிப்பதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் எரிய வேண்டியிருக்கிறது. இன்ஜின் பிரேக்கிங்கும் போய்விடும், பிரேக் சூடேறும். இரண்டாம் கியரில் காலை எடுத்துவிட்டு, இன்ஜின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்துக்கொள்ள, பிரேக்கைத் தொடாமல் மூன்று வளைவு இறங்கிப் பாருங்கள். ஒரு துளி எரியவில்லை, ஆனாலும் அது ஓட்டுதல்.

மைலேஜுக்காகச் செய்யும் எல்லாமே சுகத்தையும் தருகிறது என்று சொன்னால் அது பொய். கெடுப்பவையும் இருக்கின்றன. நண்பன் ஷோரூமில் ஓட்டிப் பார்த்து முகம் சுளித்த வண்டிகள் அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் குற்றவாளி, அளவுக்கு மீறி நீட்டிய கியர் விகிதம். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் பெட்ரோல் மிச்சம் என்று மூன்றாம் கியரை நான்காம் கியர் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். விளைவு, இரண்டில் கத்துகிறது, மூன்றில் திணறுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கியர் காணாமல் போன மாதிரி இருக்கும். அப்புறம் பெட்ரோலை மிச்சம் பிடிக்கவென்று வைக்கும் ஈகோ (eco) மோடு. காலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே யாரோ ஒருவர் உட்கார்ந்து, நாம் சொன்னதை யோசித்து யோசித்துச் சொல்வதுபோல. சிவிடி கியர்பாக்ஸ் இன்னொன்று. இரண்டு கப்பிகளும் ஒரு பட்டையும் கொண்டு, இன்ஜினை அது சிக்கனமாக ஓடும் சுற்றிலேயே வைத்திருக்கும் கெட்டிக்கார ஏற்பாடு அது. நெரிசலில் சொர்க்கம். ஆனால் மிதித்தால் முதலில் சத்தம் வரும், வேகம் பின்னால் வரும். ஒருமுறை வாடகைக்கு எடுத்த அப்படி ஒரு வண்டியில் லாரியை முந்தப் போனேன். மிதித்துவிட்டேன், இன்ஜின் 5,000 சுற்றில் ஒரே சுருதியில் கத்துகிறது, வண்டி லாரிக்கு இணையாகவே போய்க்கொண்டிருக்கிறது. எதிரே வளைவு. காலை எடுத்துப் பின்வாங்கிக்கொண்டேன். பயம் அடங்க ஐந்து நிமிடம் ஆனது. அன்று வண்டிக்குத் திறன் போதாமல் இல்லை. எப்போது தரும் என்று எனக்குத் தெரியாததுதான் பிரச்சினை.

எலக்ட்ரிக் ஸ்டியரிங்கையும் சிலர் திட்டுவார்கள். பழைய ஹைட்ராலிக் பம்ப் இன்ஜினில் பட்டை போட்டு எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும், மோட்டார் வைத்த ஸ்டியரிங் திருப்பும்போது மட்டும் கரண்ட் எடுக்கும். சிக்கனம் அங்கேதான். ஆரம்பத்தில் வந்தவை மரத்துப்போனவை, உண்மை. இப்போது வருபவற்றில் நல்லவையும் இருக்கின்றன, ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மூன்று சிலிண்டர் இன்ஜின் அதிருகிறது என்ற புகாரில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு சிலிண்டர் குறைந்தால் உராய்வும் குறைகிறது, அந்தத் தாளம் தப்பிய உறுமல் எனக்குப் பிடிக்கும். ஃபோக்ஸ்வாகன் அப் ஜிடிஐ ஒரு லிட்டர் மூன்று சிலிண்டரில்தான் 115 குதிரைத்திறன் எடுத்தது.

டயர் விஷயத்தில் என் எண்ணமே மாறியது. ஒல்லி டயர் என்றால் மைலேஜுக்காகச் செய்த தியாகம் என்று நினைத்திருந்தேன். என் வண்டிக்கு ஒருமுறை அகலம் கூட்டி டயர் மாற்றினேன். பார்க்க கம்பீரமாக இருந்தது. மைலேஜ் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் இறங்கியது. ஸ்டியரிங் கனத்தது, பள்ளத்தில் விழுந்தால் தோள்வரை வந்தது. எல்லாவற்றையும்விட, வளைவில் வண்டி பேசுவதை நிறுத்திவிட்டது. முன்பு 50-இலேயே முன் டயர் லேசாக முனகி, "இதுக்கு மேல வேண்டாம்" என்று சொல்லும். புது டயரில் 50-இல் ஒன்றுமே தெரியவில்லை. எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் போகக் கூடாத வேகத்துக்குப் போக வேண்டும். அந்த டயர்கள் தேய்ந்ததும் பழைய அளவுக்கே திரும்பினேன்.

டொயோட்டா 2012-இல் 86 என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தபோது அதில் போட்டது பிரியஸ் காரில் வரும் அதே வகை டயர். சிக்கனத்துக்குப் பேர்போன ஹைப்ரிட்டின் டயரை வேண்டுமென்றே ஸ்போர்ட்ஸ் காருக்குப் போட்டார்கள். பிடி குறைவாக இருந்தால்தான் சாதாரண வேகத்திலேயே வண்டி நழுவுவதையும் பிடிப்பதையும் ஓட்டுகிறவர் உணர முடியும் என்பது அவர்கள் கணக்கு. என் மலைப்பாதையில் 55-இல் நான் கண்டது இதைத்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

சின்ன வண்டிக்கு முடியாதவையும் உண்டு. ஐந்து பேர், சாமான், ஏசி எல்லாம் சேர்ந்தால் என் வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. விரைவுச்சாலையில் பக்கக் காற்று அடித்தால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் எதிர்ப்பு 50-இல் இருப்பதைப்போல நாலு மடங்கு, அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்கு. நீளம் குறைந்து உயரம் கூடிய சின்னக் கார்களின் மைலேஜ் அங்கே சரசரவென்று விழும். மோதினால் எடை கூடிய வண்டிக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது என்பதும் உண்மை. 600 கிலோ மினியை இன்று யாரும் அப்படியே கட்டி விற்க முடியாது, விற்கவும் கூடாது. ஏர்பேக்குக்கும் கூண்டின் வலிமைக்கும் கூடிய எடையை நான் குறையாக நினைக்கவே மாட்டேன். என் கோபமெல்லாம் எதற்கு என்று தெரியாமல் கூடும் எடைமீதுதான். அதைக் கட்டுப்படுத்தவும் முடியும். 2017-இல் வந்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 140 குதிரைத்திறன் டர்போ இன்ஜினோடும் ஜப்பானில் 970 கிலோவில் நின்றது.

பேட்டரி வண்டிகளில் சின்னது, லேசானது, ஓட்டச் சுகமானது மூன்றும் சேர்ந்து வருவதற்குத்தான் காத்திருக்கிறேன். மோட்டாரின் உடனடி இழுவை எனக்குப் பிடித்திருக்கிறது. பேட்டரியின் எடைதான் உறுத்துகிறது.

நண்பனுக்கு நான் கொடுத்த யோசனை இதுதான். டெஸ்ட் டிரைவில் நேர் ரோட்டில் கூட்டிப்போய்ப் பாட்டுப் போட்டுக் காட்டுவார்கள், அது வேண்டாம். நாலு வளைவும் ஒரு ஏற்றமும் உள்ள வழியைக் கேள். ஈகோ மோடை அணை. ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி எடு. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கிப் பார், லீவர் கையை எதிர்க்கிறதா, தானே போய் விழுகிறதா? வளைவில் ஸ்டியரிங் கனம் கூடுகிறதா, எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா? முதுகு இருக்கையில் நிற்கிறதா, நழுவுகிறதா? பிரேக் மிதி முதல் ஒரு அங்குலத்திலேயே பிடித்து உலுக்குகிறதா, அழுத்த அழுத்தப் பிடிக்கிறதா? விளம்பரத் தாளில் இருக்கும் மைலேஜ் எண்ணை அதற்குப் பிறகு பார்.

நேற்று மாலை அழைத்தான். இரண்டு வண்டி ஓட்டிப் பார்த்திருக்கிறான். தாளில் மைலேஜ் அதிகமாகப் போட்டிருந்தது ஒன்று, லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் குறைவாகப் போட்டிருந்தது மற்றொன்று. இரண்டாவதின் எடை 900 கிலோ சொச்சம், ஐந்து கியர் மேனுவல். ஏற்றத்தில் ஒரு வளைவு முடிந்து இரண்டாம் கியரில் மிதித்தபோது என்ன ஆனது என்று சொல்ல ஆரம்பித்தான், பாதியில் வார்த்தை கிடைக்காமல் வாயாலேயே இன்ஜின் சத்தம் போட்டுக் காட்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷோரூம் பையன், "சார், திரும்பிடலாமா?" என்று கேட்டானாம். "இன்னும் ரெண்டு வளைவு தம்பி" என்று சொல்லிவிட்டு மேலே போயிருக்கிறான்.